பரீட்சைக்கு வரும் அம்மா

என் மனைவி நிரோஷினியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது கண்டி ஆஸ்பத்திரியில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். நான் சமைத்துக் கொண்டுபோன சோற்றில் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"உப்ப அள்ளிக் கொட்டியிருக்கீங்க. நாளைக்கு நீங்க சமைக்காதீங்க. பிள்ளை பாவம்."

மகள் கிருஷாந்தி கட்டில் ஓரத்தில் நின்று சிரித்தாள். அன்று சாயந்திரம் ஐந்தரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

உப்பைப் பற்றி அவள் சொன்னபோது அங்கே இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். நான் அதை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை, கண்டியில் வேலை முடிந்து பிலிமத்தலாவைக்குத் திரும்பும் பஸ்ஸில் அதே பேச்சை இங்கிலீஷில் கேட்டேன்.

பக்கத்து சீட்டில் பர்தா போட்ட ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு பாடமாக்கிக்கொண்டிருந்தாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு நானாகப் படித்த இங்கிலீஷ்தான். அது போதுமாக இருந்தது. சோறு, உப்பு, ஆஸ்பத்திரிக் கட்டில், நாளைக்குச் சமைக்க வேண்டாம்.

"மகள், அது என்ன?"

"டியூஷன்ல குடுத்த டியூட் அங்கிள்." அச்சடித்த தாளை நீட்டினாள். மேலே பஸ்லினா என்று அவள் பெயர் எழுதியிருந்தது. "ஓ.எல் பரீட்சைக்கு ரிவிஷன். இந்த அம்மா மவுத்தாகிற எஸேய பாடமாக்கினா போதும். கிராமர் எல்லாம் இதுக்குள்ளயே இருக்கு."

அம்மாவின் சாவைப் பற்றிய அந்தக் கட்டுரையில் எழுதியவர் பெயர் இல்லை. கீழே கேள்விகள். இறந்தகால வினைகளுக்குக் கோடிடுக. பெயரடைகளை வட்டமிடுக. நிரோஷினி பேசிய இடத்தில் மேற்கோள் குறிகளை வேண்டுமென்றே விட்டிருந்தார்கள். அதைப் பிள்ளைகள் போட வேண்டுமாம்.

"இதுதான் அங்கிள் கஷ்டம்." பஸ்லினா அந்த வரியில் விரலை வைத்தாள். "அந்த அம்மா சொன்னத நாம சொல்ற மாதிரி மாத்தணும். நாளைக்குன்னு எழுதினா பிழை. மறுநாள்னு போடணும்."

"அந்த அம்மாவுக்கு மறுநாள் இல்ல."

"அது சும்மா கதைதானே அங்கிள்."

நான் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"கிளாஸ் எங்க?"

"பிலிமத்தலாவைல. ஜனார்த்தனன் சேர்கிட்ட. இப்ப அங்கதான் போறேன்."

என் மகள் படிக்கும் அதே கிளாஸ். ஒரு கடைக்கு மேல் மாடி. பஸ்லினாவுக்கு முன்னால் நான் படியேறினேன். நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். ஜனார்த்தனன் சேர் போர்டில் எழுதிய வாக்கியத்துக்கு கமா வைத்துக்கொண்டிருந்தார்.

"கிருஷாந்தியோட அப்பாதானே? வாங்க, வாங்க."

"வாங்க போங்க எல்லாம் வேணாம். இது யாரோட பொண்டாட்டின்னு தெரியுமா?"

தாளை மேசையில் அடித்தேன். ஒரு பையன் சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"ஐயா, கொஞ்சம் வெளிய போய்ப் பேசுவோம்."

"எதுக்கு வெளிய? அவ செத்தத இங்க வச்சுத்தானே படிச்சுக் குடுத்தீங்க? ஒரு பிள்ள உங்கள நம்பி எழுதினத எடுத்து அச்சடிச்சு, கோடு போடு, வட்டம் போடு! உங்க வீட்டுல சாவு விழுந்தா அதையும் டியூட் அடிப்பீங்களா?"

அவர் கதவுப் பக்கம் கையைக் காட்டினார். அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"மூணு வருஷமா அத நான் வாயால சொன்னதில்ல, தெரியுமா? அவ கூடப்பிறந்த அக்காகிட்டகூட சொன்னதில்ல. நீங்க ஊருக்கே பாடம் நடத்தியிருக்கீங்க!"

அவர் சோக்கைக் கீழே வைத்தார். பின் வரிசைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"தப்புத்தான் ஐயா. பிள்ளகிட்ட கேக்காம நான்தான் எடுத்துப் போட்டேன்."

"ஒத்துக்கிட்டா முடிஞ்சுதா? ஒரு தாள் மிச்சம் இருக்கக் கூடாது. என் கண்ணு முன்னால கிழிக்கணும். எடுங்க எல்லாரும்! என்ன பாக்குறீங்க, எடுங்க!"

முன் வரிசையில் சிலர் பயந்துபோய் தாளை எடுத்து நீட்டினார்கள். நான் முதல் தாளைப் பிடுங்கினேன்.

"கிழிக்காதீங்க அப்பா."

பின் வரிசை வாங்கில் கிருஷாந்தி எழுந்து நின்றாள்.

"சேர் பொய் சொல்றாரு. அவர் எடுக்கல. நான்தான் குடுத்தேன். என் பேர் போட வேணாம், எல்லாருக்கும் குடுங்கன்னு கேட்டதும் நான்தான்."

"கிருஷாந்தி, நீ உக்காரு," என்றார் சேர்.

அவள் உட்காரவில்லை.

"உனக்கென்ன பைத்தியமா? அம்மாவப் போயி இவங்க வாயில..."

"வேற யாரு வாயில அப்பா கேக்குறது?"

அவள் அழவில்லை. என்னைவிடக் கோபமாக இருந்தாள்.

"வீட்டுல அம்மான்னு வாயெடுத்தா நீங்க எழும்பி வெளிய போயிருவீங்க. போட்டோவக்கூட அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டீங்க. பெரியம்மா பேச்செடுத்தா அவங்களுக்கும் ஏச்சு. இங்க சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எல்லாரும் சத்தமா வாசிப்பாங்க. நான் பின்னால இருந்து கேப்பேன். அது மட்டுந்தான் எனக்கு இருக்கு. அதையும் கிழிக்கப் போறீங்களா?"

கையிலிருந்த தாளை அதற்குரிய பிள்ளையின் மேசையில் வைத்தேன். அது கசங்கியிருந்தது. உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தேன்.

தான் நடத்தும் மூன்று வகுப்புகளுக்குமாகச் சேர் அந்தத் தாளில் நூற்றுப் பதினெட்டுப் பிரதி அடித்திருந்தார். என் வீட்டுக்கு ஒன்றுகூட வந்திருக்கவில்லை.