முதல் வாய்

வசுமதியின் கணவனை எரித்து இரண்டு வருடமாகிறது. சாகுமுன் எடுத்துவைத்த அவனுடைய நுரையீரல் செல்கள் மட்டும் ஆஸ்பத்திரியில், ஒரு கண்ணாடிச் சில்லின் மயிரிழைக் கால்வாய்களில் உயிரோடு இருந்தன.

"உங்க பொண்ணுகிட்ட செல் எடுத்தா அவ தாங்கமாட்டா. அவளுக்கு வந்த கிருமியை அவரோட இந்தச் செல்லுல விட்டு, புது மருந்தைப் போட்டுப் பாக்கலாம்," என்றார் டாக்டர். "மருந்து வேலை செய்யலைன்னா, அவரோடதுன்னு மிச்சம் எதுவும் இருக்காதும்மா."

"கிருமியை விடுங்க டாக்டர். அப்பல்லாம் எந்த டானிக்கையும் அவர் ஒரு வாய் குடிச்சுக் காட்டினாத்தான் அவ குடிப்பா."

சாயங்காலம் திரையில் கிருமி அடங்கியது, செல்கள் பிழைத்தன. வசுமதி மருந்தோடு வார்டுக்குள் போனாள். மகள் பூவிழி உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"அப்பா குடிச்சுட்டாருடி. நல்லா இருக்காரு."

பூவிழி வாயைத் திறந்தாள்.