நான்கு விரற்கடை உயரம்

செந்துறைக்கு அருகே, கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் வெள்ளைக் குழியில் வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. நடுவே ராக்கெட் நிற்கிறது. சற்றுமுன் நெருப்பைக் கக்கி நான்கு விரற்கடை எழும்பியது. உடனே இன்ஜின் அணைந்து, எழும்பிய இடத்திலேயே அலுங்காமல் உட்கார்ந்துவிட்டது. உச்சியில் இருக்கும் ஆளில்லா விண்கலம் மட்டும், வானத்துக்குப் போய்த் திரும்பிவிட்டதாக நினைத்துக்கொண்டு, பாராசூட்டை அவிழ்த்துவிட்டிருக்கிறது. ஆரஞ்சுத் துணி, உலரப்போட்ட சேலைபோல ராக்கெட்டின் உடம்பில் தொங்குகிறது. ரேடியோவைச் சோதிக்க உள்ளே வைத்த பதிவுக் குரல், மணல்மூட்டைகளுக்குப் பின்னாலிருக்கும் ஸ்பீக்கரில் நிமிடத்துக்கொரு முறை கேட்கிறது: "போயிட்டு வரேங்க." ரேடியோவைக் கவனிக்கும் வெற்றிச்செல்வியின் குரல். எழுதிக் கொடுத்த தாளில் 'போகிறேன்' என்றுதான் இருந்தது. "கெளம்பும்போது அப்படிச் சொல்லக்கூடாது சார்" என்று அவள்தான் மாற்றிச் சொன்னாள். இப்போது அவள் மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்திருக்கிறாள்; குரல் மட்டும் ராக்கெட்டிலிருந்து பேசுகிறது.

"காத்து எந்திரிக்குது. துணி உப்புனா ராக்கெட்டு சாஞ்சுடும். டேங்கு வேற ரொம்பியிருக்கு" என்கிறார் ஃபிட்டர் அய்யம்பெருமாள்.

"பேட்டரி தீர்ற வரைக்கும் இன்ஜின் மறுபடி பத்திக்கலாம், கிட்ட போவாதீங்கண்ணே" என்று அவர் சட்டையைப் பிடிக்கிறாள் வெற்றிச்செல்வி.

துணியின் ஓரம் மெல்ல மூச்சு வாங்குகிறது. பாராசூட் கயிற்றை அறுக்கக் கத்தியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அவர் நடக்கிறார். பாதி தூரத்தில், அவர் சொல்லாமல் விட்டதை ராக்கெட் சொல்கிறது: "போயிட்டு வரேங்க."