பொய்க்குக் குரைக்கும் பூந்தி

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று ஏகாம்பரம் சொன்னதும், கோவில்பட்டி நாய்ப்பண்ணையில் இருந்த அத்தனை நாய்களும் எழுந்து நின்று குரைத்தன. அவர் கையில் இருந்த நாய்க்குட்டி பூந்திதான் முதலில் ஆரம்பித்தது.

பண்ணைக்காரி மாரிக்கனி சிரித்தாள். "குட்டியத் திருப்பிக் குடுக்க வந்தீகளாக்கும். பொய்க்குக் குரைக்கிற ஜாதிதான் வேணும்னு நீங்கதான சார் கேட்டு வாங்கிட்டுப் போனீக?"

"மாடியில குடியிருக்கிறவன் புளுகைப் பிடிக்கக் கேட்டேன்மா. இது என்னையத்தான் பிடிக்குது. சாம்பார் பிரமாதம்னு சம்சாரத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன். அண்டை மாவட்டம் வரைக்கும் கேக்கிற மாதிரி குரைச்சிட்டு. அதிலிருந்து மூணு நாளா எனக்குப் பட்டினி."

பூந்தி குரைத்தது.

"சரி, ஒரு வேளைதான் பட்டினி" என்றார். பூந்தி அடங்கியது. "சர்க்கரை வியாதிக்காரன் ஒளிச்சு ஒரு கடலை மிட்டாய் திங்க முடியுதா? அவ கேள்வி கேக்கா, இது தீர்ப்புச் சொல்லுது. மனுசன் எப்படிம்மா குடும்பம் நடத்த?"

"எடுத்துக்கிடுதேன். ஆனா பண்ணை வழக்கம் ஒண்ணு இருக்கு. அது முகத்தப் பார்த்து, நீ எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டு விட்டுட்டுப் போங்க."

ஏகாம்பரம் குட்டியை முகத்துக்கு நேரே தூக்கினார். அது அவருடைய மூக்குக்கண்ணாடியை நக்கித் துடைத்தது.

"நீ எனக்கு வேண்டாம்" என்றார்.

பூந்தி குரைத்த குரைப்பில் ரயில் ஒன்று நின்றுவிட்டுப் போனதாக இன்றும் பேச்சு.

ஏகாம்பரம் குட்டியைத் தோள்பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"போற வழியில மிட்டாய் திங்காதீக, சார்."

"திங்க மாட்டேன்மா" என்றார்.

பை குரைத்தது.