அப்படியே இதையும்

“ஸ்க்ரூ டிரைவரைக் கீழ போடுய்யா! இதென்ன உன் வீடா?”

வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் எதிர் ஃபிளாட்டின் கதவு கொஞ்சம் திறந்தது. திறந்தது மூடவில்லை.

கார்பென்டர் நிமிரவே இல்லை. வாசலோரச் செருப்பு ஸ்டாண்டிலிருந்த செருப்புகளை ஜோடி ஜோடியாகத் தரையில் எடுத்து வைத்தார். கடைசி ஸ்க்ரூவையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“குடியிருக்கிற வீட்டுல புகுந்து சாமானைக் கழட்டுறியே, போலீஸைக் கூப்பிடவா?”

“கூப்பிடுங்க சார். வர்றவங்ககிட்ட அந்த அக்ரிமென்டையும் காட்டுங்க. சமையலறைக் கப்போர்டு மட்டும்தான்னு அதுல இருக்கு. இப்பத்தானே நீங்களே சொன்னீங்க?”

சொன்னது உண்மைதான். கார்பென்டர் மிச்சக் கூலியைக் கேட்டபோது, வீட்டுக்காரர் சோபாவில் காலை ஆட்டிக்கொண்டே, “கப்போர்டுக்குக் காசு குடுத்தாச்சு. மத்தது எழுத்துல இருக்கா? காட்டு, தர்றேன்” என்று சொல்லியிருந்தார்.

“எழுத்துல இருக்கிறது உங்களுது சார். இல்லாதது என்னுது. பலகையும் என் காசுல வாங்கினதுதான்.”

“உன்னை யாருய்யா செய்யச் சொன்னது?”

“‘வந்ததுதான் வந்தீங்க, அப்படியே ஒரு செருப்பு ஸ்டாண்ட்’னு ஆரம்பிச்சீங்க. அப்படியே டிவிக்கு மேல ஒரு ஷெல்ஃப். அப்படியே பையனுக்கு ஒரு மேஜை. தினம் காபியோட ஒரு ‘அப்படியே’ வந்துச்சு. அன்னைக்கெல்லாம் ‘நீங்க, வாங்க’தான். இன்னைக்குத்தான் ‘நீ’ ஆயிட்டேன்.”

சமையலறை வாசலில் நின்ற மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஏதோ ஒரு உதவின்னு நினைச்சுக் கேட்டேன்…”

“உதவின்னா ஒரு ஆணி அடிச்சுக் குடுக்கலாம். மேஜை செஞ்சு குடுக்க முடியுமா? பாலிஷ் போட்ட ஆளுக்கு என் வாடகைப் பணத்தை எடுத்துக் குடுத்திருக்கேன். நாளைக்கு என் வீட்டு ஓனர் வந்து கதவைத் தட்டுவாரு. ‘எழுத்துல இருக்கா’ன்னு அவரை நான் கேட்டா, சாமான் தெருவுக்கு வந்துரும்.”

சொல்லிவிட்டு ஸ்டூலில் ஏறி ஷெல்ஃபைத் தொட்டுப் பார்த்தார். நீளமான பலகை.

“யாராவது அந்த முனையைப் பிடிச்சா, டிவி மேல விழாம இறக்கிடலாம்.”

“ஓகோ, கொள்ளையடிக்க வந்தவனுக்கு நான் கூடமாட ஒத்தாசை வேற செய்யணுமா?” வீட்டுக்காரர் குதித்தார். “எல்லாத்தையும் கழட்டுறே இல்ல? பாத்ரூம்ல ஒரு கைப்பிடி வெச்சிருக்கியே, அதுவும்தான் எழுத்துல இல்லை. அதையும் பிடுங்கிட்டுப் போ!” மனைவி பக்கம் திரும்பினார். “எல்லாம் உன் வேலைதானே? உங்கப்பாவுக்காக ரகசியமா ஆர்டர் குடுத்திருக்கே!”

“நான் சொல்லலை. நீங்க சொல்லி வெச்சதுன்னு நினைச்சு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்.”

இருவரும் கார்பென்டரைப் பார்த்தார்கள்.

“அதை யாரும் சொல்லலைங்க. பெரியவர் சுவரைத் தடவிக்கிட்டே உள்ள போறதைப் பார்த்தேன். ஒரு நாள் வழுக்கக்கூடப் பார்த்தாரு. மனசு கேக்கலை, வெச்சேன். அதுக்கு நான் காசு கேட்கலையே சார்? சொல்லிச் செஞ்சதுக்குத்தான் கூலி. நானா செஞ்சதுக்கு என்ன கூலி? அது அங்கேயே இருக்கட்டும்.”

உள்ளறையில் பெரியவர் இருமினார்.

மனைவி மெதுவாகக் கேட்டாள். “அப்பாவுக்கு ஒரு கைப்பிடி, அப்படியே இதையும் சொல்லிடுங்கன்னு நான் கேட்டப்போ, நீங்க என்ன சொன்னீங்க?”

“இப்ப அதெல்லாம் எதுக்கு?”

“‘வாயைத் திறந்து சொன்னா, தனியா காசு கேப்பான்’னு சொன்னீங்க.”

எதிர் ஃபிளாட்டின் கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.

வீட்டுக்காரர் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

“இவர் உங்க கூலியைக் குடுத்தா, அப்புறம் திரும்ப மாட்டிக்கலாம். அண்ணே, இந்த முனையை நான் பிடிச்சுக்கிறேன். நீங்க கழட்டுங்க.”