ஆளில்லாத லயம்

"இந்த ஐடியாவே தப்பு சேர். லயத்த இடிச்சிட்டு அந்த எடத்துல இன்னொரு தண்ணிச் சறுக்கு வைப்போம்," என்றார் மேனேஜர் விஜேந்திரன்.

முதலாளி சண்முகராஜா ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதுளை ரோட்டில் இருக்கும் அவருடைய கேளிக்கைப் பூங்காவில் தண்ணீர்ச் சறுக்கு ஓடியது, டைனோசர் ஓடியது. 'எங்க லயம்' மட்டும் படுத்துவிட்டது. கொஸ்லந்தையில் தான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்தை அச்சு அசலாகக் கட்டியிருந்தார் முதலாளி. வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், பச்சைக் கதவு, புகை படிந்த அடுப்பங்கரை, காலையில் வேலைக்கு ஆள் கூப்பிட அடிக்கும் தப்பு மேளம், எல்லாம் உண்டு.

கொழும்புக்காரர்கள் ஒரு செல்ஃபியோடு நகர்ந்தார்கள். மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு பஸ் பிடித்து வந்த ஒரு பெண்ணோ வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இதத்தானே காலையில பூட்டிட்டு வந்தோம்," என்றவள், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சறுக்குப் பக்கம் போனாள்.

நியாயம்தானே? டிக்கெட் எடுத்துத் தன் வீட்டையே யார் பார்ப்பார்கள்? முதலாளிக்கு மட்டும் அது ஏறவில்லை. சாயங்காலமானால் அந்தப் படியில் போய் உட்கார்ந்து, அம்மா சுட்ட ரொட்டியைப் பற்றித் தனக்குத் தானே பேசிக்கொள்வார். வசதி வந்தால் ஞாபகத்துக்குக்கூடக் கூரை போடலாம் என்று வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

ஐப்பசி மழையில் மேல்தோட்டத்தில் மண் சரிந்தது. அதற்குச் சில நாள் கழித்து, லயத்தைப் பூட்டி வைக்கச் சொன்னார் முதலாளி. மனுஷனுக்கு ஒரு வழியாக ஆசை விட்டுப்போச்சு என்று நினைத்துத்தான் விஜேந்திரன் இடிக்கும் பேச்சை எடுத்தார்.

மறுநாள் காலை, இடத்தை அளக்கப் போனவர் லயத்துக் கூரையில் புகையைக் கண்டார்.

உள்ளே நாலு குடும்பம். கொடியில் பள்ளிக்கூடச் சட்டைகள். அடுப்பில் ரொட்டி. மண்சரிவில் வீட்டைப் பறிகொடுத்தவர்கள். தங்க வைத்திருந்த பாடசாலையில் வகுப்பு தொடங்கிவிட்டதால் போக்கிடம் இல்லாமல் போனவர்கள்.

லயத்தைப் பார்த்துக்கொள்ளும் ரெங்கம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"நாந்தாங்க தொறந்து விட்டேன். என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிக்கங்க. புள்ளைங்கள வெரட்டிறாதீங்க."

விஜேந்திரன் அவளைக் கையோடு முதலாளி முன் கொண்டுபோய் நிறுத்தினார். யாரைக் கேட்டுக் குடிவைத்தாள், இன்றைக்கே எல்லோரையும் வெளியேற்ற வேண்டும் என்று பொரிந்து தள்ளினார். பாதியில் அவருக்கே வேறொரு யோசனை தோன்றியது. குரல் இறங்கியது.

"இல்ல சேர், அனுப்ப வேணாம். நெசமான அடுப்பு, நெசமான சனம். இப்ப தொறந்தா கூட்டம் அள்ளும். நம்ம லயத்துல கொறையா இருந்ததே ஆளுங்கதான்."

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதுக்குப் பயந்துதான் தம்பி, ஒருத்தருக்கும் சொல்ல வேணாம்னு ரெங்கம்மாகிட்ட சாவியக் குடுத்தேன்."

முதலாளி ரெங்கம்மா பக்கம் திரும்பினார்.

"மழைக்கு ஒழுகுதா?"

"இல்லீங்கய்யா. ஒரு சொட்டு எறங்கல."

"கூரை ஒண்ண மட்டுந்தான் பழைய மாதிரியே கட்ட எனக்கு மனசு வரல."