பக்கத்து நட்சத்திரம்

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கழக்கூட்டம் ஊரிலுள்ள ஃபிளாட்டுக்கு வந்த வேலாயுதனுக்கு, பையன் ஜெயன் பார்க்கும் வேலை பிடிபடவே இல்லை.

"பெரிய டெலஸ்கோப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுறேன், மாமா. மேல காத்து அசையுறதால நட்சத்திரம் கலங்கித் தெரியும். அதுக்கேத்த மாதிரி டெலஸ்கோப்புல உள்ள கண்ணாடிய நொடிக்கு நொடி வளைச்சு, கலக்கத்த எடுத்துருவோம்."

கண்ணாடியை வளைக்கிறானாம். வேலாயுதன் கண்களைச் சுருக்கினார். "காத்து எப்படி அசையுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல பளிச்சுன்னு ஒரு நட்சத்திரம் இருந்தா, அதப் பாத்துக் கண்டுபிடிச்சிரலாம்."

"இல்லன்னா?"

"லேசர் அடிச்சு நாங்களே ஒண்ண உண்டாக்குவோம்."

வேலாயுதன் வாயருகே கொண்டுபோன பழம்பொரியைத் திரும்பத் தட்டில் வைத்தார். "இல்லாத நட்சத்திரத்தயா?"

"ஆமா மாமா. வேலை முடிஞ்சா அணைச்சிருவோம்."

எவ்வளவு கூசாமல் சொல்கிறான் என்று வேலாயுதன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஜெயனின் அம்மா சாயா டம்ளர்களுடன் வந்தாள்.

"பொண்ணு நட்சத்திரம் என்னன்னு சொல்லல்லியே?"

"பூசம்," என்றார் வேலாயுதன்.

அவள் முகம் மலர்ந்தது.

கீழே இறங்கியதும் மனைவி தங்கபாயைப் போனில் பிடித்தார். "பையன்மேல எனக்கு விசுவாசம் வரல்ல, கேட்டியா. இல்லாத நட்சத்திரத்த உண்டாக்குறானாம். நாளைக்கு நம்ம பிள்ளைகிட்ட என்னெல்லாம் சொல்லி ஏமாத்துவானோ."

"அது கிடக்கட்டும். நம்ம மக ஆயில்யம், மாமியாருக்கு ஆகாதுன்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிரல்லியே?"

"எப்படித் தெரியும்? பக்கத்து நட்சத்திரத்தச் சொல்லிட்டேன்லா. சொன்னத அப்படியே நம்பிட்டாவ. அந்தம்மா நல்ல மனுஷியாக்கும்."