ஒரு வாக்கியம் சொல்லு

"அக்கா, இருக்கியா? கை காலியா இல்ல. நான் பேசப் பேச போன் டைப் பண்ணுது, தப்பு இருந்தா திட்டாத. ‘ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்’னா என்னக்கா?"

"கை நிறைய வெங்காயமாடா?"

"இல்ல, கொஞ்சம் கனமான சாமான். நீ அர்த்தம் சொல்லு."

"கேன்டீன் சமையல்காரனுக்கு இந்த வார்த்தை எதுக்குடா?"

"இங்க பெரியவர் காலையில சொன்னார். எல்லாரும் தலையாட்டினாங்க, புரியாமலே நானும் ஆட்டிட்டேன்."

"எதுக்கெடுத்தாலும் தலையாட்டிடு! அது பட்டாளத்து வார்த்தைடா. முன்னாடி நின்னு சண்டை போடுறவங்களுக்கு ஆள் பத்தலைன்னா, பின்னாலேர்ந்து புதுசா அனுப்புற ஆளுங்க. புரிஞ்சுதா?"

மடியில இருந்த சாமானைக் குனிஞ்சு பார்த்தேன்.

"புரிஞ்சுதுக்கா."

"டீச்சர்கிட்ட வெறும் ‘புரிஞ்சுது’ன்னா விட்டுடுவேனா? அதை வச்சு ஒரு வாக்கியம் சொல்லு."

"வேணாங்க்கா. அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க. வேளாவேளைக்குச் சாப்பிடுறானான்னு கேக்குறாங்க. பேச்சை மாத்தாத, வாக்கியம்!"

"அப்ப நீ மட்டும் படி, சத்தமா படிக்காத. நான் கேன்டீன்னு சொன்னது பட்டாள முகாம் சமையக்கட்டு. பயப்படுவீங்கன்னு மறைச்சேன். மத்தியானம் கரண்டியை வாங்கிக்கிட்டு ஆளுக்கொரு துப்பாக்கி குடுத்தாங்க. முகாமைக் காவல் காக்கத்தான்னு நினைச்சேன். ஆனா லாரியில ஏத்திட்டாங்க, ரொம்ப தூரம் வந்துட்டோம்."

அக்கா டைப் பண்றதா போன்ல வந்துச்சு. நின்னுச்சு. மறுபடி வந்துச்சு.

"வாக்கியம் கேட்டியேக்கா. ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் நான்தான்."